கப்பல் காத்திருக்காது என்று சொன்னவள்

எங்கள் படகின் முன்பக்கத்தில் நீல எழுத்தில் 'லா ப்ரெகுந்தோனா' என்று எழுதியிருக்கும். கேள்வி கேட்டே உயிரை வாங்குகிறவள் என்று அர்த்தம். எழுதியவன் நான்தான், ஒரு எரிச்சலில். நெரெய்தா வந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"எல்லா எழுத்தும் ஏன் கொம்பாத்ரே வலது பக்கமா சாயுது? நீங்க இடது கைக்காரர்ங்கறதாலயா?" என்று கேட்டாள். அதோடு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

என் மகளின் ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவள் நெரெய்தா சூக். அதனால் நான் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் எனக்குக் கொமாத்ரே. வேறு உறவு கிடையாது. அவளுடைய அப்பா எங்கள் கொசுமெல் தீவின் துறையில் கப்பல்களுக்குக் கயிறு கட்டுகிறவர். பெரிய கப்பல் வந்து நின்றதும் மேலேயிருந்து வீசும் வடத்தைப் பிடித்துத் தூணில் மாட்டுவார். கப்பலுக்குள் என்னதான் இருக்கிறது என்று அவரிடம் கேட்டுக்கேட்டு, அவருக்கும் தெரியவில்லை என்று தெரிந்ததும், பெரியவளானபின் தானே ஒரு கப்பலில் வேலைக்கு ஏறிவிட்டாள்.

ஒன்பது வருடம் அங்கே இருந்தாள். வரவேற்புக் கூடத்தில் ஒரு மேசை. கப்பல் ஒவ்வொரு தீவிலும் ஒரு பகல் நிற்கும். அந்தப் பகலில் எங்கே போகலாம் என்று பயணிகளுக்குச் சொல்லி, கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் உலாவுக்குச் சீட்டு விற்பது அவள் வேலை. முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிக் கடலுக்கடியில் இறங்கும் ஸ்கூபாவுக்குப் போகிறவர்கள் சிலர், "இதையே நாங்க வெளியில சொந்தமா ஆள் பார்த்துப் போகக் கூடாதா?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் மனப்பாடமாக இருந்தது.

"தாராளமா போகலாம். ஆனா எங்க ஏற்பாட்டுல போனா, திரும்பி வர லேட்டானாலும் கப்பல் உங்களுக்காக நிக்கும். நீங்களா போனா கப்பல் காத்திருக்காது."

பொய் இல்லை. முக்கால்வாசிப் பேர் அதைக் கேட்டதும் அவளிடமே சீட்டு வாங்கிவிடுவார்கள். மீதிப் பேர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நெரெய்தாவின் மனம் முழுக்க அந்த மீதிப் பேர் மேல்தான். சாயங்காலம் உப்புப் படிந்த தலையோடு அவர்கள் கப்பல் ஏறும்போது வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். யாரோடு போனீர்கள்? அவரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

ஒருவர், படகு மஞ்சள் நிறத்தில் அழகாக இருந்தது என்றாராம். ஒரு பெண், துறையில் சத்தமாகக் கூப்பிட்டவனோடு போனாளாம். இருபது பேரை ஒரே படகில் அடைத்தார்களாம். இனி ஜென்மத்துக்கும் போகமாட்டாளாம். இன்னொரு பெரியவர் சொன்னதுதான் நெரெய்தாவுக்குள் தங்கிவிட்டது. "போன வருஷம் எனக்குச் சளி. சளியோட ஆழத்துல இறங்கினா காது போயிடும்னு, படகுக்காரன் என்னை ஏத்தவே மாட்டேன்னுட்டான். அதனாலதான் இந்த வருஷமும் அவனையே தேடிப் போனேன்."

ஏற்ற மாட்டேன் என்றவனையே ஏன் தேடிப் போக வேண்டும்? இதை யோசித்து யோசித்து, ஒப்பந்தம் முடிந்த ஒரு மாதத்தில் எங்கள் தீவில் இறங்கியவள், அப்புறம் ஏறவில்லை. நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"அந்தக் கப்பல்ல நீச்சல் குளம் இருக்கு, சினிமா இருக்கு, எல்லாம் இருக்கு. அதை விட்டுட்டு ஏன் சில பேரு நம்ம மாதிரி ஓட்டைப் படகைத் தேடி வர்றாங்க? எனக்கு அது தெரிஞ்சாகணும் கொம்பாத்ரே."

"என் படகு ஒண்ணும் ஓட்டை இல்ல."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கடைசியா எப்ப பலகை மாத்துனீங்க?"

அப்படித்தான் நாங்கள் மூன்று பேர் சேர்ந்தோம். படகு என்னுடையது. நீருக்கடியில் கூட்டிப்போகிறவன் வில்பெர்த் பெச். என்னோடு ஒரே தெருவில் வளர்ந்தவன், சிரிக்காமலே சிரிப்பு மூட்டுவான். மீதி எல்லாம் நெரெய்தா. வில்பெர்த் அவளை முதலாளியம்மா என்பான், பாதி கிண்டல், பாதி நிஜம்.

ஒரு தடவைக்கு ஆறு பேருக்கு மேல் ஏற்றமாட்டாள். இரண்டு கையிலும் கடிகாரம் கட்டிக்கொள்வாள். கப்பலின் கடிகாரமும் தீவின் கடிகாரமும் பல நாள் ஒத்துப்போகாது. அந்த ஒரு மணி வித்தியாசத்தில் கப்பலைத் தவறவிட்டவர்களை நாங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். வலது கை கப்பலுக்கு, இடது கை ஊருக்கு. "ரெண்டு கல்யாணம் பண்ணிக்கிட்டவ மாதிரி இருக்க" என்று வில்பெர்த் சொல்வான். "ஒருத்தன்கூட ஒழுங்கா நேரத்துக்கு வர்றதில்ல" என்பாள்.

எங்கள் மூன்றாவது சுற்றுலாப் பருவத்தில் கனடாவிலிருந்து வெர்னா என்ற பெண்மணி எழுதினார். ஒரு சொகுசுக் கப்பலில் தங்கையோடு வருகிறாராம், எங்கள் தீவில் ஒரு பகல் நிற்குமாம். அதற்குப் பின்னால் கேள்விகள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? படகில் ஆக்சிஜன் உண்டா, எவ்வளவு நேரத்துக்குப் போதும்? சிலிண்டருக்குக் காற்று எங்கே நிரப்புகிறீர்கள்? கடல் மோசமானால் திரும்பிவிடுவது என்று யார் முடிவெடுப்பார்? கப்பல் உங்கள் தீவில் நிற்காமலே போய்விட்டால் என்ன செய்வீர்கள்?

வில்பெர்த் எட்டிப் பார்த்து, "இது போலீஸ்காரங்க எழுதுனது" என்றான்.

நெரெய்தாவுக்கோ பண்டிகை வந்த மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டு, தானும் கேட்டாள். கடைசியாக எப்போது நீருக்குள் இறங்கினீர்கள்? கடலா, ஏரியா? எங்கள் ஊரில் நீரோட்டம் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும், அது உங்களுக்குப் பயமா, பிடிக்குமா? உடம்புக்கு ஏதாவது உண்டா? உங்கள் தங்கை அந்த நேரம் எங்கே இருப்பார்?

இரண்டு பேரும் மாறிமாறி எழுதிக்கொண்டதில் பாதி, ஸ்கூபாவைப் பற்றியதே இல்லை என்று பின்னால் தெரிந்தது. வெர்னாவின் ஊரில் ஏரி உறைந்தபின் மேலே லாரி ஓட்டுவார்களாமே, அது உண்மையா என்று நெரெய்தா கேட்டிருக்கிறாள்.

ஜனவரி மாதம். முந்தின நாள்வரை வடக்குக் காற்று அடித்துத் துறைமுகத்தை மூடியிருந்தார்கள். அன்று காலையில் திறந்தார்கள். பெரிய துறைக்குள் எங்களை விடமாட்டார்கள். அதனால் பயணிகள் டாக்சி பிடித்து எங்கள் சின்னப் படகுத்துறைக்கு வர வேண்டும். சகோதரிகள் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். வெர்னா நெடுநெடுவென்று உயரம். கோதுமைக் கிடங்குகளில் எடைபோடும் தராசு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. தங்கை ஆர்லீன் குள்ளம், பெரிய தொப்பி. அவருக்கு அறுபது நிறைந்ததைக் கொண்டாடத்தான் இந்தக் கப்பல் பயணமே.

வெர்னா ஏறியதும் குனிந்து இருக்கைக்கு அடியில் ஆக்சிஜன் பெட்டியைத் திறந்து பார்த்தார். அளவுமானியைத் தட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் கரையிலிருந்து ஆர்லீன். "கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளைகிட்டகூட இவ இத்தனை கேள்வி கேட்கல. கேட்டிருந்தா தப்பிச்சிருப்பா."

"நீங்களும் வர்றீங்களா?" என்று நெரெய்தா கேட்டாள்.

"நானா? நான் குளிக்கிறதே தண்ணி கழுத்துக்கு மேல வராம அளவாத்தான். நான் கடைகளைப் பார்க்கிறேன்."

முதல் இறக்கம், பாறை சுவராக இறங்கும் இடத்தில். இரண்டாவது ஆழமில்லாத இடத்தில். அந்தக் கடலில் வில்பெர்த்தின் வேலை நீந்துவதல்ல, மிதந்து போவதுதான். நீரோட்டம் ஆளைக் கொண்டுபோகும், நான் மேலே குமிழிகளைப் பார்த்துக்கொண்டே படகைப் பின்னால் ஓட்டிப் போவேன். இரண்டு இறக்கத்துக்கும் நடுவில் அன்னாசிப்பழம் தின்றுகொண்டே வெர்னா கேட்டுத் தீர்த்துவிட்டார். பாறை இடுக்கில் மீசை வைத்த ஒரு மீன் உறுமியதே, அது என்ன? ஏன் உறுமுகிறது? ஆண் மட்டுமா? பகலிலுமா?

"அது எங்க ஊர்த் தவளைமீன்" என்றான் வில்பெர்த். "ஏன் உறுமுதுன்னு கேட்டுப் பார்த்தேன். அது திரும்ப உறுமிச்சு."

இரண்டாவது இறக்கமும் நன்றாக முடிந்தது. எல்லோரும் ஏறினார்கள். எஞ்சினைக் கிளப்பி ஊர்ப்பக்கம் திருப்பினேன். வெயில், காற்று, நல்ல கடல். நெரெய்தா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கொம்பாத்ரே, கொஞ்சம் வேகத்தைக் குறைங்க."

"ஏன்? கப்பல் நேரத்தைப் பார்த்தியா?"

"அந்தம்மா மேல வந்ததிலிருந்து ஒரு கேள்விகூடக் கேட்கல."

"களைப்பா இருக்கும். நம்ம காதும் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கட்டும் விடு."

அவள் சிரிக்கவில்லை. போய் வெர்னாவின் எதிரில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தாள். எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றார் வெர்னா. இந்த ஊரில் தவளைமீனைப் பற்றி ஆராய்ச்சி பண்ணும் ஒருவரைத் தெரியும் என்றாள் நெரெய்தா. அப்படியா என்றார் வெர்னா. அவ்வளவுதான். காலையில் இதைச் சொல்லியிருந்தால் அந்த ஆராய்ச்சியாளரின் வீட்டு விலாசம்வரை கேட்டிருப்பார்.

"இடது கையை ஏன் தேய்ச்சுக்கிட்டே இருக்கீங்க?"

"சும்மா. பை தூக்கினது."

"வில்பெர்த்தானே உங்க பையைத் தூக்கினான்?"

நெரெய்தா அவர் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். இரண்டு விரல்களில் தொட்டது தெரியவில்லை. எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது என்று வெர்னா அப்புறம்தான் ஒப்புக்கொண்டார்.

நாங்கள் இந்தத் தொழிலில் பயப்படுவது இதற்குத்தான். ஆழத்தில் இழுக்கும் மூச்சுக்காற்று உடம்புக்குள் கரைந்திருக்கும். மேலே வந்தபின் சிலருக்கு அது சரியாக வெளியேறாமல், நரம்பிலும் மூட்டிலும் குமிழியாகத் திரண்டுவிடும். வில்பெர்த் ஆக்சிஜன் பெட்டியை இழுத்து, அவரைப் படுக்கவைத்து முகமூடியை மாட்டினான்.

"ஆழமும் நேரமும் என் கைக்கடிகாரத்துல இருக்கு, பாருங்க" என்றார் வெர்னா முகமூடிக்குள்ளிருந்து. "எந்த எல்லையும் தாண்டல. எல்லாம் சரியாத்தான் பண்ணினேன்."

"நீங்க சரியாத்தான் பண்ணுனீங்க" என்றான் வில்பெர்த். "உடம்பு அதைப் படிக்கலை, அவ்வளவுதான்."

மற்ற பயணிகள் அவருக்கு இடம்விட்டு ஒதுங்கினார்கள். நான் முழு வேகத்தில் ஓட்டினேன்.

படகுத்துறையில் ஆர்லீன் கடைப் பைகளோடு நின்றுகொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் பைகள் கீழே விழுந்தன.

"என்ன ஆச்சு? முகத்துல என்ன மாட்டியிருக்கீங்க?"

நெரெய்தா சொன்னாள். காற்றழுத்தத்தால் அந்தக் குமிழிகளைக் கரைக்கும் அழுத்த அறை உள்ள கிளினிக் பக்கத்தில்தான் இருக்கிறது, உடனே போக வேண்டும், உள்ளே சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும்.

"கப்பல்ல டாக்டர் இருக்காரே. கப்பலுக்கே போயிடுவோம்."

"டாக்டர் இருக்காரு. அழுத்த அறை இல்லை. நடுக்கடல்ல கை மொத்தமா மரத்துப்போனா, அவரால என்ன செய்ய முடியும்?"

"அப்ப கப்பல்?"

"கப்பல் காத்திருக்காது" என்றாள் நெரெய்தா.

இந்த வாக்கியத்தை அவள் பழைய கப்பல் மேசைக் குரலில் சொல்லிக்காட்டி நாங்கள் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம். அன்று அது வேறு மாதிரி கேட்டது.

வெர்னாவே கப்பலுக்குப் போகத்தான் விரும்பினார். முகமூடியைத் தூக்கி, "இப்ப பரவாயில்லை, எறும்பு குறைஞ்சிடுச்சு" என்றார். அவரை அப்படியே அனுப்பிவிட்டிருந்தால் எங்களை யாரும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. கிளினிக் போனால் ஊர் முழுக்கத் தெரியும். பெரிய படகுக்காரர்கள் ஒரு பருவம் முழுக்க அதையே சொல்லி ஆள் பிடிப்பார்கள். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும்.

"நான் கப்பலுக்குத்தான் போவேன்னு சொன்னா, உன்னால தடுக்க முடியுமா?" என்று வெர்னா கேட்டார்.

"முடியாது."

"அப்ப என்ன செய்வ?"

"கப்பல் வாசல்வரைக்கும் கூடவே வந்து கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பேன். விரல் எப்படி இருக்கு? தோள்? கால்ல ஏதாவது? படி ஏறும்போது தலை சுத்துதா?"

முகமூடிக்குள் வெர்னா சிரித்தது பனிமூட்டமாகத் தெரிந்தது. "தெய்வமே. கிளினிக்குக்கே போகலாம்."

வில்பெர்த் அவரைக் கூட்டிக்கொண்டு போனான். நான் வண்டி ஓட்ட, நெரெய்தா ஆர்லீனோடு பெரிய துறைக்கு வந்தாள். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்: வாசலில் நிற்கும் பாதுகாப்பு அதிகாரியிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும், அவர் யாரைக் கூப்பிடுவார், பாஸ்போர்ட் எங்கே இருக்கும், மருந்துகளை மறக்கக் கூடாது. ஒன்பது வருடம் அந்த வாசலுக்கு உள்ளே இருந்தவள். இன்று வெளியே கம்பிக்குப் பக்கத்தில்தான் நிற்க முடிந்தது.

"நீங்க கப்பல்லயே போகணும்னா போகலாம்" என்று கடைசியில் சொன்னாள். "பெட்டியை மட்டும் இறக்கிக் கொடுத்தாப் போதும். அவங்களை நான் பார்த்துக்குவேன்."

ஆர்லீன் தொப்பியை அழுத்திக்கொண்டு உள்ளே போனார்.

நாங்கள் நின்றோம். கப்பலின் மற்ற பயணிகள் கையில் தொப்பியும் பொம்மையுமாக வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சாப்பாட்டில் பெரிய இறால், அப்புறம் நடனம் என்று ஆர்லீன் காலையில் சொல்லியிருந்தார். அதற்காகவே தைத்த உடை ஒன்று இருப்பதாகவும்.

"வருவாங்களா?" என்றாள் நெரெய்தா.

"தெரியலையே."

"எனக்கும் தெரியல. அதுதான் வேடிக்கையா இருக்கு. இத்தனை வருஷம் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். இந்த ஒரு அம்மா வருவாங்களா மாட்டாங்களான்னு சொல்ல முடியல."

வரிசை முடிந்தது. கயிறு கட்டுகிறவர்கள் தூணருகே வந்து நின்றார்கள். அப்போது ஏணிப்படியில் முதலில் ஒரு பெட்டி வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு ஆர்லீன். வெள்ளி மணிகள் தைத்த நீண்ட ராத்திரி உடை, காலில் ஓடுகிறவர்கள் போடும் காலணி, தலையில் அதே தொப்பி. அந்த வெயிலில் அவர் மேலிருந்து நாலாபக்கமும் வெளிச்சம் தெறித்தது. காவலாளி மரியாதையாகத் தன் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"பெட்டியில இடமில்லை" என்றார் மூச்சு வாங்க. "விட்டுட்டு வர மனசு வரலை. போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

நாங்கள் வண்டியில் ஏறும்போது கப்பல் ஊதியது. ஆர்லீன் திரும்பிப் பார்க்கவில்லை. நெரெய்தாதான் பார்த்தாள்.

கிளினிக்கில் அந்த அழுத்த அறை பெரிய இரும்புப் பீப்பாய் மாதிரி இருக்கும். பக்கவாட்டில் வட்டமாக ஒரு கண்ணாடி. உள்ளே வெர்னா படுத்திருந்தார், பக்கத்தில் ஒரு செவிலி. ஆர்லீன் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று உடையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். உள்ளே வெர்னாவின் தோள் குலுங்கியது. ஆடாமல் படுக்கச் சொல்லி செவிலி அதட்டியது எங்களுக்குக் கேட்கவில்லை, பார்த்தோம்.

வெர்னா வெளியே வந்தபோது விரல் ஒன்றில் மட்டும் மரமரப்பு மிச்சமிருந்தது. மறுநாளும் ஒருமுறை படுக்க வேண்டும், சில நாள் விமானம் ஏறக் கூடாது என்றார் டாக்டர். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றும் சொன்னார். விடுதி பார்க்கிறேன் என்ற ஆர்லீனை நெரெய்தா விடவில்லை. தன் வீட்டுக்கே கூட்டிப்போனாள்.

அவள் வீட்டில் கட்டில் கிடையாது. எங்கள் ஊரில் பாதி வீட்டில் கிடையாது. சுவருக்குச் சுவர் கட்டித் தொங்கும் வலைத் தூளிதான். ஆர்லீன் முதல் தடவை ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிவிட்டார். "இது படுக்கையா, மீன் பிடிக்கிற வலையா?" என்றார் தரையிலிருந்து. என் மனைவி எலுமிச்சை போட்ட கோழிக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். ஓரமாக வைத்திருந்த அபனேரோ மிளகாயைக் காய்கறி என்று நினைத்து ஆர்லீன் கடித்ததையும், அதன்பின் அந்தத் தெருவே கூடியதையும் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மறுமுறையும் படுத்து வந்த அடுத்த நாள் விரல்களில் உணர்வு முழுக்கத் திரும்பியிருந்தது. அது தெரிந்தது எப்படியென்றால், காலையில் நான் போனபோது வெர்னா தூளிக் கயிற்றின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு, "இது எவ்வளவு எடை தாங்கும்? யார் சோதிச்சது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் நெரெய்தா தன் கேள்வியைக் கேட்டாள். எல்லாப் பயணிகளிடமும் கேட்பதுதான்.

"ஏன் எங்களைத் தேர்ந்தெடுத்தீங்க?"

"ஆறு பேருக்கு எழுதினேன்" என்றார் வெர்னா. "எல்லாருமே நல்ல பதில்தான் எழுதினாங்க. ஆக்சிஜன் எல்லார்கிட்டயும் இருந்தது. ஆனா நான் யாருன்னு யாரும் கேட்கல. நீ ஒருத்திதான் திருப்பிக் கேட்ட. என்னைக் கேட்காம எப்படி என்னைக் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போவாங்க?"

நெரெய்தா இதை ரசித்தாள், தெரிந்தது. ஆனால் வெர்னா முடிக்கவில்லை. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு சொல்லணும். முந்தின நாள் அந்தக் காத்துல கப்பல் ஆடு ஆடுன்னு ஆடிச்சு. எனக்கு ஒரே வாந்தி. சாப்பிடல, தூங்கல, தண்ணி தங்கல. உடம்புல தண்ணி இல்லாம கடல்ல இறங்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். சொன்னா நீ ஏத்தமாட்ட. மூணு மாசமா இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன்."

ஆர்லீன் அக்காவைப் பார்த்த பார்வையில் மிளகாய் இருந்தது. "ஊர்ல உள்ள தராசை எல்லாம் சோதிக்கிறவ" என்றார்.

நெரெய்தா கோபப்படுவாள் என்று மறுபடியும் தப்பாக நினைத்தேன். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "உடம்பு எப்படின்னு நான் மூணு மாசத்துக்கு முன்னாடி கேட்டேன்" என்றாள். "அன்னைக்குக் காலையில கேட்கலையே. காத்து அடிச்சது எனக்கும் தெரியும். கப்பல் ஆடியிருக்கும்னும் தெரியும். ஏன் கேட்காம விட்டேன்?"

அடுத்த கப்பல் நாளிலிருந்து, படகில் கால் வைப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொருவரிடமும் கேட்க ஆரம்பித்தாள். ராத்திரி தூங்கினீர்களா? காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? அது உள்ளே தங்கியதா? சிலருக்கு முகம் சுளிக்கும். நாலைந்து பேரைத் திருப்பியும் அனுப்பினாள். அன்றைக்கெல்லாம் பாதிப் படகு காலியாகப் போகும்.

அதோடு நின்றிருக்கலாம். சகோதரிகள் ஊருக்குப் போனபின், எங்களைப் பற்றிப் படிக்க வருகிறவர்களுக்காக இணையத்தில் இருக்கும் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றை எழுதிவிட்டாள். 'எங்களோடு வந்த ஒருவரை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் நாங்கள்தான் போகவிடவில்லை. இன்னொரு தடவை நடந்தாலும் அப்படித்தான் செய்வோம். இதற்குச் சம்மதம் என்றால் எழுதுங்கள்.'

வில்பெர்த் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "முதலாளியம்மா, நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா? அதுக்குத்தான் ஊர்ல இத்தனை பேர் இருக்காங்களே."

"படிச்சிட்டு யார் வர்றாங்கன்னு பார்க்கணும்."

"யாரும் வரமாட்டாங்க."

"அதையும் பார்க்கணும்."

வில்பெர்த் சொன்னதுதான் முதலில் நடந்தது. அந்தப் பருவத்தின் பிற்பாதியில் படகு பெரும்பாலும் கட்டியே கிடந்தது. வில்பெர்த் ஒரு விடுதியின் படகுக்குப் போய்விட்டான். நான் மீன் பிடிக்கப் போனேன். நெரெய்தா காலையில் இரண்டு கடிகாரத்தோடு வந்து, ஆள் இல்லாத படகைக் கழுவிவிட்டுப் போவாள். அழித்துவிடு என்று நானும் சொன்னேன். அழிக்கவில்லை.

அடுத்த பருவத்தில் எழுத ஆரம்பித்தார்கள். கூட்டம் இல்லை. ஆனால் வந்தவர்கள் ஒரு தினுசாக இருந்தார்கள். படகுத்துறையில் இறங்கியதும் எல்லோரும் ஒரே கேள்வி: "அந்தம்மா என்ன ஆனாங்க?" நெரெய்தா ஆதியோடந்தமாகச் சொல்வாள், வெள்ளி உடை உட்பட. சொல்லி முடிக்கும்போது, தனக்கு மூக்கடைப்பு, தனக்கு நாலு வருடமாகப் பழக்கம் விட்டுப்போயிற்று என்று அவரவர் தாமாகவே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். வில்பெர்த் திரும்பி வந்தான். வந்ததற்குக் காரணம் சம்பளம் இல்லை, விடுதிப் படகில் சிரிப்பதற்கு ஆள் இல்லை என்றான்.

இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் தீவுக்கே வராத கப்பல்களில் போகிறவர்கள் அவளுக்கு எழுதினார்கள். இன்ன தீவில் ஒரு பகல் நிற்கிறோம், யாரோடு கடலில் இறங்கலாம்? அவளுக்கு அந்தத் தீவு தெரியாது, ஆட்களும் தெரியாது. யாரையும் சிபாரிசு செய்யமாட்டாள். அவர்களுக்கு எழுதுங்கள், உங்களிடம் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள் என்பாள். சொல்வார்கள். இப்படி உட்கார்ந்த இடத்திலிருந்தே கரீபியக் கடல் முழுக்க யார் எப்படிப் படகு ஓட்டுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

வெர்னாவுக்கு அவர் ஊர் டாக்டர்கள் வெகுநாள் கழித்து மறுபடி இறங்க அனுமதி கொடுத்தார்கள், ஆழம் குறைத்து. எங்களிடம்தான் வருவார் என்று நினைத்தோம். அவர் அதே கடலில் தூரத்திலிருக்கும் பொனேர் தீவுக்குப் போகப் போவதாக எழுதினார், விமானத்தில். "உங்க மீனைப் பார்த்தாச்சு, வேற மீன் பார்க்கணும். ஆர்லீனும் வர்றா. நீயும் வா, ஆளைச் சேர்ந்து தேர்ந்தெடுப்போம்."

வில்பெர்த்துக்குக் கொஞ்சம் வருத்தம். நெரெய்தா பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வேலைக்காக இல்லாமல் பயணியாக அவள் வெளியூர் போவது அதுவே முதல் தடவை.

போன வாரம்தான் திரும்பினாள். முகம் கறுத்து, மூக்கு உரிந்து வந்தாள். நான் எஞ்சினைக் கிளப்பிச் சோதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்க படகே வேண்டாம் கொம்பாத்ரே. ரோட்டோரமா மஞ்சள் பெயின்ட் அடிச்ச கல்லு. கல்லைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, சிலிண்டரை முதுகுல மாட்டிக்கிட்டு நடந்தே கடலுக்குள்ள போயிடறாங்க. காய்கறி வாங்கப் போற மாதிரி."

"படகே இல்லாமயா?"

"படகே இல்லாம."

"அப்ப அந்த ஊர்ப் படகுக்காரன் பிழைப்புக்கு என்ன பண்றான்?"

"ஒருத்தரைப் பிடிச்சு அதைத்தான் கேட்டேன். பெரிய கதை."

எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.